தட்டோரம் ஒதுக்கிய காய்

தமிழ்வேந்தனுக்குப் பல் தேய்க்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம் வந்தது. சிதம்பரத்தில் பார்த்த டாக்டர் மாத்திரையைவிடச் சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் பேசினார். "ஒவ்வொரு நிறத்துக் காய்லயும் ஒவ்வொரு சத்து இருக்கு. கேரட், கீரை, கொய்யான்னு மாத்தி மாத்திச் சாப்பிடுங்க."

அன்றிலிருந்து அவன் மனைவி மாலதி திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் தேடித் தேடி வாங்கினாள். வேலைக்கு ஓடும் அவசரத்திலும் பீட்ரூட் பொரியல், பரங்கிக்காய்க் கூட்டு, முருங்கைக்கீரை என்று தினமும் ஏதாவது செய்தாள். அவன் எல்லாவற்றையும் தட்டோரம் தள்ளிவிட்டு, வறுத்த மீனோடு சோற்றை முடித்துக்கொண்டான். கேட்டால், "நாளைக்குச் சாப்புடுறேன்" என்பான்.

ஒரு ஞாயிறு மதியம், நான்கு வயது மகள் பூஜா தன் தட்டிலிருந்த கேரட்டைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள். "நாளைக்குச் சாப்புடுறேம்மா" என்றாள், அப்பாவைப் போலவே.

தமிழ்வேந்தன் சிரித்தான். மாலதி மீன் சட்டியை எடுத்துக்கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

"உங்க ஈறு உங்க பாடுன்னு விட்டுடலாம். இவளுக்கு என்னாங்க பண்றது? நறுக்கி நறுக்கி எனக்கு வெறுத்துப்போச்சு."

அவன் மகளின் தட்டைப் பார்த்தான். பிறகு தான் ஒதுக்கிய கேரட்டை இழுத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றான். பூஜாவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு துண்டை வாயில் போட்டாள்.

மாலதிக்குச் சந்தோஷம் வரவில்லை. இதற்கு இத்தனை நாள் ஆனதே என்ற எரிச்சல்தான் இருந்தது. ஆறிப்போன தன் சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.