ஒரே பல்

"சுவிட்சுப் பெட்டி சாவியைக் குடுண்ணா."

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் விசும்பல் சட்டென்று நின்றது. 'கழட்டு, மாட்டு, எண்ணெய் போடு. சாவியை மட்டும் என்னைக்கும் கேக்காதே' என்று எட்டு மாதமாக மகளிடம் சொல்லி வந்தவர் அப்பாதான். இப்போது போர்வைக்குள் கேட்டும் கேட்காதவர்போல் படுத்திருந்தார்.

"எதுக்கு?" என்றான் அண்ணன்.

"மூடியை நான் அறுக்குறேன். நீ அறுத்ததைப் பாத்தியா? ரெண்டு ஓரமும் கருகிக் கிடக்கு. பெட்டி மேல வெச்சா விரல் நுழையுது."

ஊருக்கெல்லாம் கதவும் கட்டிலும் அறுத்துக் கொடுத்த மனுஷனுக்குக் கடையில் சவப்பெட்டி வாங்குவதா என்று அண்ணன்தான் கிளம்பினான். நல்ல எண்ணம்தான். காலையிலிருந்து பட்டறையில் ரம்பம் போட்ட கூச்சல் தெருக்கோடிவரை கேட்டது.

"மெஷின் லட்சணம் அப்படி. சனியன். நாளைக்கே பழைய இரும்புக்காரன் வந்து தூக்கிட்டுப் போறான், சொல்லிட்டேன். மிச்சம் இருக்கறது ஒரே ஒரு அகலப் பலகை. அதையும் பாழாக்கப் போறியா?"

சித்தப்பா திரும்பினார். "அப்பன் இன்னும் வாசலைத் தாண்டல. அதுக்குள்ள மெஷின் கேக்குதா டிகிரிக்கு?"

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். மெச்சினாலும் டிகிரி, மட்டம் தட்டினாலும் டிகிரி. மெச்சிக் கேட்டு நாளாயிற்று.

"நான் உக்காந்து அழுதா மூடி மூடிக்குமா சித்தப்பா?"

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "வாயை அடக்குடி. இன்னிக்கு ஒரு நாளாவது."

அண்ணன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் காலடியில் போட்டான். "போ. அப்பாவுக்கு ரெண்டு விரல் போச்சு. நீ கையையே குடுத்துட்டு வா."

பட்டறை வீட்டின் பின்பக்கம். மூடிப்போன மரக்கடை ஒன்றிலிருந்து அப்பா அந்த மேசை ரம்பத்தைக் கொண்டுவந்தபோது அது துருக்குவியல். நாலு பேர் தூக்கினாலும் அசையாத வார்ப்பிரும்பு. இன்டர்வியூவுக்கு அலைந்த நாட்கள் போக மற்ற நாளெல்லாம் அவள் அதன் அடியில்தான் கிடந்தாள். துருவைச் சுரண்டினாள், பேரிங் மாற்றினாள், பெல்ட் மாட்டினாள். எல்லாம் சரி. நேராக மட்டும் அறுக்காது.

மேசையில் நீளமாக வெட்டியிருக்கும் காடிப் பள்ளத்துக்கு நேராக பிளேடு நிற்க வேண்டும். மயிரிழை கோணினாலும் பின்பக்கப் பற்கள் மரத்தை உரசிக் கருக்கிவிடும். காடியில் ஓடுகிற ஒரு கட்டை, அதன் முனையில் ஒரு திருகாணி. அதுதான் அப்பாவின் அளவுகோல். முன்னால் ஒரு பல்லைத் தொட்டுப் பார்ப்பார், பின்னால் வேறொரு பல்லைத் தொட்டுப் பார்ப்பார். முன்னால் சரி செய்தால் பின்னால் போகும். போல்ட்டை இறுக்கினால் இரண்டுமே போகும்.

"பல்லுக்குப் பல் சாய்வு மாறும்ப்பா. ஒரே பல்லுக்கு அடையாளம் வை. அதையே பின்னால சுத்திக் கொண்டுபோய் அள."

"நாப்பது வருஷமா அறுக்குறேன். பல்லு எண்ணச் சொல்லிக்குடுக்க வந்துட்டா." அதோடு இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. அதற்கு மூன்றாம் வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர், நேற்று இப்படித் திரும்பிவந்தார்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். பிளேடைத் தாங்குகிற நான்கு போல்ட்டில் மூன்று இறுகியிருந்தன. நான்காவது விரலுக்கே சுற்றியது. அதற்கு நேர்கீழே ஸ்பேனர் விழுந்து கிடந்தது. அண்ணன் எந்த நாளும் இதற்கடியில் குனிந்தவனில்லை.

எழுந்து பிளேடைக் கையால் சுற்றினாள். ஒரு பல்லின் ஓரத்தில் சிவப்பாக ஏதோ மின்னியது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். நெயில் பாலிஷ்.

அவளுடையது. காணாமல்போன அந்தப் பாட்டிலுக்காக அண்ணியோடு ஒரு வாரம் சண்டை போட்டிருக்கிறாள். சாமான் இழுப்பறையைத் திறந்தாள். ஆணிகளுக்கு நடுவே, மூடி சரியாகத் திருகாமல், உள்ளே காய்ந்துபோய்க் கிடந்தது.

"ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவே?" என்று மெஷினைப் பார்த்துக் கத்தினாள். "திருடன் மாதிரி எடுத்துட்டு வந்து பூசத் தெரியுது. 'நீ சொன்னது சரி'ன்னு சொல்ல வாய் வரல."

மரச்சுத்தியலால் ஒரு தட்டு. சிவப்புப் பல்லை முன்னால் நிறுத்தித் திருகாணியை உரசவிட்டாள். கிர் என்றது. அதே பல்லைப் பின்னால் கொண்டுபோனாள். சத்தமே இல்லை. மறுபடி அடியில் படுத்தாள். தளர்த்தினாள், தட்டினாள், இறுக்கினாள், எழுந்தாள். இப்போது பின்னால் சிக்கியது. முழங்கைத் தோல் உரிந்தது. அப்பாவை, அண்ணனை, போல்ட்டை வார்த்தவனை, எல்லோரையும் திட்டினாள். நாலாவது முறை நான்கு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள்.

முன்னால் கிர். பின்னால் கிர்.

சாவியைத் திருகினாள். கூச்சல் இல்லை, ஒரே சீரான ரீங்காரம். தள்ளுகட்டையால் பலகையைச் செலுத்தினாள். மரத்தூள் வாசனை வந்தது, கருகல் இல்லை. அம்மா பின்வாசலில் வந்து நின்றாள். திரும்பிப் போகவில்லை.

அளவெடுத்து நறுக்கிய மூடியை அவள் பெட்டிமேல் வைத்தபோது அண்ணன் வந்தான். விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினான். மறுபடி ஓட்டினான்.

"சரி. சாவியைக் குடு. நாளைக்கு அவன் காலையிலயே வந்துடுவான்."

"வரட்டும். நானும் இங்கதான் இருப்பேன்."

"அவனுக்கு வாக்கு குடுத்துட்டேன்டி."

"நீதானே குடுத்தே. நீயே திருப்பி வாங்கிக்க."

அவன் கையை நீட்டியபடியே நின்றான். அவள் மூடியைத் தூக்கி அந்தக் கையில் வைத்தாள். கனம் தாங்காமல் அவன் இரண்டு கையாலும் பிடித்தான். அவள் சுவிட்சுப் பெட்டியைப் பூட்டி, சாவியைத் துப்பட்டா நுனியில் முடிந்துகொண்டு, அம்மாவைத் தாண்டி வீட்டுக்குள் நடந்தாள். அவன் மூடியை ஏந்தியபடி, கீழே வைக்க மனம் வராமல் நின்றான்.