எலுமிச்சையில் வந்த புழு

ஞாயிற்றுக்கிழமைகளில் அனுப்பிரியாவுக்கு ஓய்வு கிடையாது. போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். விடுமுறையானால் சிலமலை ரோட்டுப் புதுக்குடியிருப்பில் வீடு வீடாகப் போய், வெறும் அழகுக்கு வைக்கிற குரோட்டன்சை விட்டுவிட்டு நம்ம ஊர்ச் செடிகளை வைக்கச் சொல்வாள். கன்றுகளையும் அவளே கொடுப்பாள். தேனீ வரும், பட்டாம்பூச்சி வரும், குருவி வரும் என்பாள். தலையாட்டி வாங்கிக்கொள்கிறவர்கள், போன வருஷம் வைத்த முருங்கையைக் கம்பளிப்பூச்சி சுவரேறுகிறது என்று இந்த வருஷம் வெட்டிப் போட்டிருப்பார்கள். சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது.

அன்று மத்தியானம், அவளிடம் எலுமிச்சைக் கன்று வாங்கி வைத்திருந்த அருணா போன் செய்தாள். கொடுத்த எலுமிச்சை முழுக்கப் புழுவாம், வந்து பார்க்கச் சொன்னாள். சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்துவிட்டு ஆட்டோ பிடித்துப் போனாள் அனுப்பிரியா. அதற்குள் செடி முழங்கால் உயரக் கட்டையாகிவிட்டது. வெட்டிய கிளைகள் வாசலில் கிடந்தன. கொழுத்த பச்சைப் புழுக்கள் அதிலிருந்த இலைகளை இன்னும் தின்றுகொண்டிருந்தன.

"நான் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா?" என்றாள். கோபப்படக்கூடத் தெம்பில்லை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அருணா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்து வீட்டில் பூச்சிமருந்தடிக்கச் சொல்லிப் பாட்டிலையும் நீட்டினார்களாம்.

"அந்த வாசம் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது டீச்சர். அதான் வெட்டிட்டேன்."

உள்ளே கட்டிலில் அவள் புருஷன் பிரபு படுத்திருந்தான். மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போனவன். ஒருநாள் காற்று திரும்பி மருந்து முகத்திலேயே அடிக்க, மயங்கி விழுந்தான். ஜீப்பில் போட்டு இறக்கிக்கொண்டு வந்தார்கள். உயிர் பிழைத்தான்; கைநடுக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. இதையெல்லாம் அருணா தாழ்ந்த குரலில் சொன்னாள்.

 பட்டாம்பூச்சி வரும் என்று சொன்ன அனுப்பிரியா, அதற்கு முன்னால் புழு வரும் என்று யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் வாங்க மாட்டார்கள் என்ற பயம். இப்போது சொன்னாள். இந்தப் புழு யாரையும் கடிக்காது, தின்றுவிட்டுக் கூடு கட்டிப் பறந்துவிடும், கட்டையும் துளிர்க்கும் என்றாள்.

அருணா யோசித்தாள். "புழுவே வராத செடி ஒண்ணு இல்லையா டீச்சர்?"

"இருக்கு. அதுக்குத் தேனீயும் வராது, குருவியும் வராது."

பிரபு எழுந்து சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தான். கிளைகளைக் குனிந்து பார்த்தான். மலையில் எந்தப் புழுவைக் கண்டாலும் மருந்தடிப்பதுதான் தன் சோலி என்றான். அது வளர்ந்து என்னவாகும் என்று பார்த்ததே இல்லையாம்.

"கறிவேப்பிலையைத் திங்குமா டீச்சர்?"

தின்னும் என்றாள். புழு இருந்த ஒரு கொப்பை எடுத்துக்கொண்டு அவன் கொல்லையிலிருந்த கறிவேப்பிலைச் செடிக்குப் போனான். கை ஆடியதில் ஒரு புழு கீழே விழுந்தது. அருணா முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒரு இலையால் அதை எடுத்துச் செடியில் விட்டாள்.

அனுப்பிரியா கொண்டுவந்திருந்த கன்றுப் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தாள். முதல் வீட்டில் கதவைத் திறந்த பெண்ணிடம் ஒரு கன்றை நீட்டி, இதில் புழு வரும் என்றுதான் ஆரம்பித்தாள். அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கால் கடுத்தது. கொஞ்ச நேரம் நிழலில் நின்றுவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.