டிப்பர்காரர் தூங்கிய மேய்ச்சல் நிலம்

டிப்பர் ஓட்டுநர் மதியம் படுத்து எழுந்த இடத்தில், பொழுது சாய்வதற்குள் அவர் உடம்பு அளவுக்குப் புல் முளைத்திருந்தது. தலை, தோள், தொப்பை, லேசாக வளைந்த இடது கால், எல்லாம் அச்சு அசலாக. முதலில் பார்த்தது அவர் மனைவியின் செவலைப் பசுதான். அது யாருக்கும் சொல்லாமல் முழங்கால் வரை மேய்ந்துவிட்டது.

சுரங்கத்தை மூடியதிலிருந்து அங்கே ஒரு பூண்டுகூட முளைத்ததில்லை. சுரங்கம் தோண்டியபோது மேலாக இருந்த நல்ல மண்ணை முதலில் வெட்டினார்கள். முதலில் வெட்டியதை முதலில் கொட்டினார்கள். அதன் தலைமேல் பாறையும் கரித்தூளும் ஏறி உட்கார்ந்துகொண்டன. அதைத் தனியாகக் குவித்து வைக்கலாமே என்று ஒரு மகராசனுக்கும் தோன்றவில்லை, கொட்டிய டிப்பர்காரருக்கும்தான். நிலக்கரி தீர்ந்ததும் குழியை மூடி, மேய்ச்சல் நிலம் என்று பலகை நட்டு, கம்பெனி புல்விதை தூவியது. குருவிகள்தான் கொழுத்தன. ஓட்டுநரின் மனைவிக்கோ மாடுகள் என்றால் உயிர். வைக்கோல் தீர்வதற்குள் புல் வராவிட்டால் எல்லாவற்றையும் வியாபாரியிடம் தள்ளிவிட வேண்டியதுதான் என்று அவள் முடிவு செய்திருந்தாள். அந்த வருத்தத்தை வாய்விட்டுச் சொல்லாமல் பாத்திரங்களிடம் மட்டும் காட்டிக்கொண்டிருந்தாள்.

புல் முளைத்த செய்தி பரவியதும் ஊரே போய்ப் படுத்துப் பார்த்தது. மற்றவர்களுக்கு முதுகுவலிதான் முளைத்தது. வேலையில் இருந்த காலத்தில் கண் அசந்ததற்காக வசவு வாங்கிய அதே ஓட்டுநரை, கம்பெனி மேற்பார்வையாளரே ஜீப்பில் அழைத்துப்போனார். “அண்ணே, இன்னைக்கு அந்த மேட்டுப் பக்கமா கொஞ்சம் புரண்டு படுங்க” என்று தலையணையும் கொடுத்தார். கொடுத்துவைத்த மனுஷன் என்று எல்லோரும் பொறாமைப்பட்டார்கள். ஆனால் தூக்கம் வேலையாகிப்போன அன்றே அவருக்குத் தூக்கம் போய்விட்டது. மனைவி தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்தாள். அவள் தம்பி வந்து தாலாட்டுப் பாடினான், மாடுகள்தான் தூங்கின. நாட்கள் போயின, வைக்கோல் போர் கரைந்தது, முளைத்த புல்லையும் மாடுகள் வேர் தெரிய மேய்ந்து தீர்த்தன. ஓட்டுநர் மொட்டைத் தரையில் கண்ணைத் திறந்தபடியே கிடந்தார்.

“கண்ண மூடினா உன் மாடுங்க வரிசையா நின்னு என்னையே பாக்குதுங்க. நான் எப்படித் தூங்குவேன்?” என்றார் மனைவியிடம்.

அவள் எழுந்து வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மாடு போனா போகுதுங்க. உங்க கண்ணு ரெண்டும் கோவைப்பழமா இருக்கு. வியாபாரிய நாளைக்கு வரச் சொல்லிட்டேன். எந்திரிங்க, வீட்டுக்குப் போலாம்.”

“செவலையுமா?”

“செவலையுந்தான்.”

செவலை கன்றாக இருந்தபோதே தாய் செத்துவிட, அதற்குப் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தவள் அவள். சொல்லும்போது குரல் உடையவில்லை, மூக்கு மட்டும் சிவந்தது. தன்னைவிட மாடுகள் மேல்தான் அவளுக்குப் பிரியம் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்த மனிதர், எழுந்திருக்க அவள் கையைப் பிடித்தார். பிடித்தபடியே அவள் மடியில் சாய்ந்து தூங்கிப்போனார். அப்படியொரு தூக்கம்! சற்று நேரத்தில் மடியிலிருந்து நழுவி, சரிவில் உருண்டு, எதிர் மேட்டில் ஏறி, வேலியோரம் வரை போய்த் திரும்பினார். மேட்டில் எப்படி ஏறினார் என்று யாரும் கேட்கவில்லை. அவர்மேல் வெயில் படாதபடி அவள் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். அவர் புரண்ட இடமெல்லாம் பச்சை பிடித்தது.

மறுநாள் வியாபாரி லாரியோடு வந்தபோது, மொட்டை நிலம் என்று கையகலம்கூட மிச்சமில்லை. மாடுகள் தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருந்தன. நடுவில் ஓட்டுநர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

“எந்த மாட்ட முதல்ல ஏத்தணும்?” என்று கேட்டார் வியாபாரி.

அவள் உதட்டில் விரல் வைத்தாள். “ஒண்ணும் ஏத்த வேணாங்க. வண்டிய இங்க ஸ்டார்ட் பண்ணிடாதீங்க, அவரு தூங்குறாரு.”

வியாபாரி புல்லைப் பார்த்தார், தூங்குகிறவரைப் பார்த்தார். பிறகு அவரும் கிளீனரும் செருப்பைக் கழற்றி வண்டிக்குள் வைத்துவிட்டு, காலி லாரியைத் தார்ச்சாலை வரை தள்ளிக்கொண்டு போனார்கள்.