பந்து மூட்டையோடு விற்ற வீடு

ஈஸ்வரபாண்டிக்குச் சத்தம் ஆகாது. அப்பேர்ப்பட்ட மனிதர் பழனிசெட்டிபட்டியில் பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டிக் குடியிருந்தார். வீடு கட்டும்போது அந்த இடம் வெறும் பொட்டல், பள்ளிக்கூடம் பின்னால்தான் வந்தது என்று கேட்டவரிடமும் சொல்வார், கேட்காதவரிடமும் சொல்வார்.

காலை மைக்கில் பிரேயர், மணிக்கொருதரம் பெல், பி.டி. வாத்தியார் விசில். இதெல்லாம் போதாதென்று சுவர் தாண்டி வந்து விழும் பந்துகள். மில்லில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எந்தச் சாமானையும் தேதி எழுதாமல் உள்ளே வைத்துப் பழக்கமில்லை. பந்துக்கும் அதே மரியாதைதான். மார்க்கர் பேனாவால் தேதி எழுதி, சாக்கில் போட்டு, பின்பக்கத்து அறையில் வைத்துவிடுவார்.

“ஒருநாள் மொத்தமாக் கொண்டுபோய் ஹெட்மாஸ்டர் மேசையில கொட்டுறேன் பாரு” என்பார். இதுவரை நான்கு ஹெட்மாஸ்டர்கள் மாறிவிட்டார்கள். சாக்குதான் பருத்துக்கொண்டே போனது.

அவர் மனைவி உமாதேவிக்குச் சத்தமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவள் நினைப்பு முழுக்கக் கம்பத்தில் இருந்தது. மகள் விஜி அங்கே பேங்கில் வேலை பார்க்கிறாள், ஆனியில் பிரசவம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவாள், சரி. லீவு முடிந்து வேலைக்குப் போகும்போது பிள்ளையை யார் பார்ப்பது? மாமியாரும் இல்லாத வீடு. இந்த நேரத்தில்தான் விஜியின் அடுத்த வீடு விலைக்கு வந்தது. வைகாசி முடியக் காத்திருப்பேன், அதற்குமேல் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று அந்த வீட்டை விற்பவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த வீடு விற்றால்தான் அந்த வீடு. விற்காவிட்டால் பேரப்பிள்ளையைப் போனில்தான் பார்க்க வேண்டும்.

தை மாதத்திலிருந்து புரோக்கர் கர்ணன் ஆள் கூட்டி வந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே கூட்டிவர வேண்டும் என்பது ஈஸ்வரபாண்டியின் உத்தரவு. அன்றைக்குப் பள்ளிக்கூடம் வாயைத் திறக்காது பாருங்கள். அமைதியைத் தேடி ரிட்டயர்டு ஆட்களாக வந்தார்கள். வீடும் பிடித்தது. ரெண்டு நாள் கழித்து இன்னொரு தடவை பார்க்கலாமென்று தெருவுக்குள் வருவார்கள், பெல் அடிக்கும், அதோடு போனை எடுக்க மாட்டார்கள். ஆறு பேர் அப்படியே போனார்கள்.

பங்குனி பிறந்ததும் உமாதேவி கர்ணனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“தம்பி, சத்தத்தை ஒளிச்சு வச்சு யாருக்கு விக்கப் போறோம்? இது யாருக்கு இனிக்கும்னு யோசிச்சீகளா?”

“யாருக்குக்கா?”

“பள்ளிக்கூடத்துக்குப் புள்ளைய அனுப்புறவுகளுக்கு. வர்ற திங்கக்கிழமை எல்.கே.ஜி. ஃபாரம் குடுக்காக. வருசா வருசம் கியூ நம்ம சுவரை ஒட்டித்தான நிக்குது. இப்பப் பேசி, சித்திரையில பத்திரம் முடிச்சா, வைகாசியில பால் காய்ச்சிப் புள்ளைய நடத்தியே கூட்டிட்டுப் போகலாம். விட்டோம்னா ஆனி, ஆடி. ஒருத்தரும் வீடு மாற மாட்டாக. புள்ளைகளையும் வேன்ல சேத்துருவாக. அப்புறம் அடுத்த வருசந்தான்.”

“அக்கா, நீங்க எந்தொழிலுக்கு வந்திருந்தா நான் பொழச்சிருக்க மாட்டேன்” என்றார் கர்ணன்.

திங்கட்கிழமை காலையிலேயே கணவரைக் கம்பத்துக்குப் போய் விஜியைப் பார்த்துவரச் சொல்லி அனுப்பிவைத்தாள். ஏழு மணிக்குக் கியூ தெருமுனையைத் தொட்டது. வெயில் ஏறியதும் கேட்டை விரியத் திறந்து, ஒரு அண்டா நீர்மோரோடு வாசலில் உட்கார்ந்தாள். “புள்ளைகளை நிழல்ல உக்கார வைங்க. பாத்ரூம் போகணும்னாலும் உள்ள வாங்க” என்றாள். வந்தவர்கள் மோரைக் குடித்தார்கள். குடித்துக்கொண்டே கண்ணால் வீட்டை அளந்தார்கள்.

ராயப்பன்பட்டியிலிருந்து வந்த ஷெரின் என்ற நர்ஸ், “அக்கா, விக்கிற வீடா? இங்கன இருந்தா எம்புள்ள இன்னும் ஒரு மணி நேரம் தூங்குமே” என்றாள். அவள் குரலில் இருந்த ஏக்கத்தைக் கேட்டதுமே உமாதேவிக்குத் தெம்பு வந்துவிட்டது. ஷெரினின் கணவர் அருண் ஜோசப் மட்டும் உள்ளே வராமல் கேட்டருகிலேயே தயங்கி நின்றார்.

அவர்களுடைய மகள் திரிஷா பாத்ரூமைத் தேடிப் பின்பக்கத்து அறைக்குள் நுழைந்திருந்தாள். “அப்பா, இங்க பந்துக் கடை இருக்கு” என்று அவள் கத்தினாள். சாக்கு சரிந்து, பந்துகள் கூடம் வரைக்கும் உருண்டு வந்தன.

சரியாக அந்த நேரத்தில் ஈஸ்வரபாண்டி வாசலில் வந்து நின்றார். ஜன்னலோர சீட் கிடைக்கவில்லை என்று மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு, கோபித்துக்கொண்டு திரும்பியிருந்தார். உமாதேவி மோர்க் கரண்டியை அண்டாவிலேயே போட்டாள். போச்சு, எல்லாம் போச்சு.

“பந்தை யாரு தொட்டது?”

அருண் ஜோசப் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தார். குனிந்து ஒவ்வொரு பந்தாகப் புரட்டிப் பார்த்தார். ஒன்றைக் கையில் எடுத்ததும் அவர் முகம் சிறுபிள்ளை முகமாகிவிட்டது.

“பதினாலு எட்டு ரெண்டாயிரத்து ஏழு. சார், இது என் பந்து. நானும் இந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிச்சேன். மறுநாள் கொடியேத்தம்னு கிளாஸ் இல்ல, விளையாண்டோம். கேட்டுக்கு வெளிய அரைமணி நேரம் நின்னு அழுதேன். நீங்க குடுக்கல.”

ஈஸ்வரபாண்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதியைப் படித்தார். “எழுத்து அழியாம இருக்கே” என்றார்.

ஷெரின் கணவரையும் பந்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். அதற்குப் பிறகு விலை பேச ஒரு வாரம்கூட ஆகவில்லை. அருண் ஜோசப் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: சாக்கு வீட்டோடு சேர்ந்தது.

சித்திரையில் பத்திரம் முடிந்தது. பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கே, வைகாசியில், லாரியில் சாமான் ஏற்றினார்கள். விஜி கம்பத்திலிருந்து மூன்றாவது தடவையாகப் போன் பண்ணிவிட்டாள். உமாதேவி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, “வந்துக்கிட்டே இருக்கோம் ஆத்தா” என்றாள். சொல்லும்போதே கண் கலங்கியது.

அப்போது ஒரு பந்து சுவர் தாண்டி வந்து ஈஸ்வரபாண்டியின் காலடியில் விழுந்தது. பழக்கதோஷம், எடுத்த கையோடு இன்னொரு கை சட்டைப்பையில் பேனாவைத் தேடியது. யூனிஃபார்மில் நின்ற திரிஷா இரண்டு கையையும் நீட்டினாள்.

“தாத்தா, இப்ப இது எங்க வீடு. பந்தை நான்தான் குடுக்கணும்.”

அவர் பந்தைக் கொடுத்தார். அவள் வீசியது சுவரின் பாதி உயரம்கூடப் போகவில்லை. “தள்ளு” என்று வாங்கி, சுவருக்கு அந்தப் பக்கம் அவரே எறிந்தார். இருபது பிள்ளைகள் ஒரேயடியாகக் கூச்சல் போட்டார்கள். ஈஸ்வரபாண்டி காதைப் பொத்தவில்லை.

லாரி கிளம்பும்போது அருண் ஜோசப் ஓடிவந்து ஒன்றை அவர் மடியில் போட்டார். ரெண்டாயிரத்து ஏழாம் வருடத்துப் பந்து.

“பொறக்கப் போற புள்ளைக்கு, சார்.”

சின்னமனூர் தாண்டும்வரை ஈஸ்வரபாண்டி மடியிலிருந்த பந்தை உருட்டிக்கொண்டே வந்தார். பிறகு, “உமா, கம்பத்து வீட்டுக் காம்பவுண்டு சுவரு எம்புட்டு ஒசரம்?” என்று கேட்டார்.

“ஏன், தாழ்வாத்தான் இருக்கும்.”

“இருக்கட்டும்” என்றார். “புள்ள அடிச்ச பந்து அடுத்த வீட்டுல விழுந்தா, போய்க் கேட்டு வாங்க எனக்குக் கூச்சமா இருக்கும். நீதான் போகணும்.”