பிடித்து வைத்தது யார்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தை மதியம் மூன்று மணிக்கு மறுபடி திறக்க வேண்டும். லேபிள் ஒட்டாத குழாயில் ஒரு சொட்டு ரத்தமும் எடுக்கக் கூடாது என்பது அதை நடத்தும் அக்காவின் சட்டம்.

ஒரு மணிக்குக் கதவடைத்ததும் கூடத்துக் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவள் தங்கை. மாலை வகுப்பில் கற்றது. அக்கா நம்பி ஒப்படைத்த முதல் வேலை. புதியது ஏறிவிட்டது. லேபிள் அடிக்கும் மென்பொருள்தான் திறக்க மாட்டேன் என்றது.

"புதுசாக்குறேன்னு இருந்ததையும் புதைச்சுட்டியா, டாக்டரம்மா?" என்றார் அத்தான். இரண்டே முக்கால் வரை பார்ப்பாராம். பிறகு பழைய டெக்னீஷியனுக்குப் போன். அவர் வந்தால், இனி இந்தக் கம்ப்யூட்டர் பக்கம் தன்னை அண்டவிட மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

உடைந்த பேக்கேஜ்களை, அதாவது மென்பொருள் தொகுப்புகளை, சரிசெய்யும் கட்டளையைக் கொடுத்தாள். 'நீங்கள் உடைந்த பேக்கேஜ்களைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள்' என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. 'நீங்கள்' என்றதும் சுருக்கென்றது. நோட்டில் 'என் தவறு' என்று எழுதிவிட்டு அதே கட்டளையை மறுபடி கொடுத்தாள். அதே பதில். மறுபடி எழுதினாள். நான்காம் முறை எழுதிய பிறகுதான் உறைத்தது. அது திட்டு இல்லை, தகவல். ஒரு பேக்கேஜை மாறாதபடி யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மற்றவை அதில் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

நிறுத்தி வைத்தவற்றின் பட்டியலைக் கேட்டாள். ஒன்றே ஒன்று, பிரிண்டருக்கானது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அது நான்தான்டி," என்றாள் அக்கா, மெதுவாக. "மூணு வருஷம் முன்னாடி லேபிள் கோணலா வந்துச்சு. இதை மட்டும் மாறவே விடாதீங்கன்னு டெக்னீஷியன் போன்ல சொல்லச் சொல்ல டைப் அடிச்சேன். உன்கிட்ட சொல்ல மறந்தே போச்சு."

"அவுத்து விட்டா மறுபடி கோணலா வந்தா?"

"கோணலாவே ஒட்டிக்கிறேன். அவுத்து விடு."

அவிழ்த்துவிட்டு, எவை மாறும், எவை நீங்கும் என்று முதலில் ஒத்திகை மட்டும் பார்த்தாள். நீங்கப்போகிறவற்றில் லேபிள் மென்பொருள் இல்லை என்று திரையில் விரல் வைத்து இருமுறை படித்த பிறகே சம்மதம் கொடுத்தாள். இரண்டு நாற்பதுக்கு முதல் லேபிள் வெளியே வந்தது. நூலிழை சாய்வு, ஆனாலும் பார்கோடு ரீடர் கீச்சென்று படித்துவிட்டது. அத்தான் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

அக்கா நோட்டை இழுத்துப் பார்த்தாள். மூன்று வரிகளில் 'என்' என்பதை அடித்து 'அக்காவின்' என்று எழுதினாள். நான்காவதைத் தொடவில்லை.

"என்னை முதல்லயே கேக்காதது உன் தப்பு. அது இருக்கட்டும்," என்றவள், கதவைத் திறக்கப் போகும்போது சொன்னாள்: "அடுத்த தடவையும் நீயே ஏத்து."