படத்தில் நிற்பவனின் உடுப்பு

குசினி மேசையில் கிடந்த உடுப்பை விக்னராஜா தொடவில்லை. சிவப்பு வெல்வெற் சட்டை, மஞ்சள் இடுப்புப்பட்டி, இறகு குத்திய தலைப்பாகை. இவற்றையாவது சகித்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஒரு பித்தளை வளையம் இருந்தது, கழுத்துக்கு. நாய்க்குப் போடுகிற பட்டை மாதிரி, பின்னால் கொளுக்கியோடு.

ஞாயிறு மதியம் எசமானி சிஞ்ஞோரா வீட்டில் விருந்து. இத்தாலியின் பலெர்மோ நகரத்துப் பழைய குடும்பத்துக்காரர் அறுபது பேர் முந்நூறு வருடத்துக்கு முந்திய உடுப்போடு வரப்போகிறார்கள். அந்தக் காலத்தில் பட்டும் சரிகையும் இன்னார்தான் உடுக்கலாம் என்று சட்டமே இருந்ததாம். வேலைக்காரனுக்கு எசமான் வீட்டு நிறத்தில் உடுப்பு. விலைக்கு வாங்கிய அடிமைக்குக் கழுத்தில் வளையம். சாப்பாட்டு மண்டபச் சுவரில் தொங்குகிற படத்தில், சிஞ்ஞோராவின் மூதாதைச் சீமாட்டிக்குப் பின்னால் தட்டேந்தி நிற்கிற கறுப்பன் அப்படி ஒருவன்தான். அவனையும் விருந்தில் நிறுத்தவேண்டும் என்பது சிஞ்ஞோராவின் ஆசை. "உங்கள் இரண்டு பேரில் ஒருவர் போடுங்கள்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். திங்கட்கிழமை அவள்தான் இருவருடைய வேலை ஒப்பந்தத்திலும் கையெழுத்து வைக்கவேண்டும். அது இல்லாவிட்டால் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. நாட்டில் இருக்கவும் முடியாது.

சரி, யார் போடுவது? விக்னராஜாவுக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

"நீ போடு றோபேட்," என்றார், வெங்காயம் உரித்துக்கொண்டே. "உனக்கு இது பெரிய விசயமில்லைதானே."

வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொன்னதல்ல, நினைத்துத்தான் சொன்னார். இரண்டு பேரும் ஒரே ஊர். பன்னிரண்டு வருடமாக ஒரே குசினியில் வேலை. ஆனாலும் றோபேட்டின் சாதியை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை.

றோபேட் கத்தியைக் கீழே வைத்தான். "ஏன் அண்ணை எனக்குப் பெரிய விசயமில்லை?"

விக்னராஜா அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

"எங்கட அப்பு உங்கட படலையடியிலை வந்து, தோளிலை கிடக்கிற சால்வையை எடுத்து இடுப்பிலை கட்டிக்கொண்டுதான் உங்கட ஐயாவோடை கதைப்பார். நான் பக்கத்திலை நிண்டு பாத்தனான். நீங்களும் விறாந்தையிலை இருந்து பாத்தனீங்கள். நான் இதைப் போடமாட்டன்."

"அப்ப வேலை போகும்."

"போகட்டும். கபோச் சந்தையிலை மீன்பெட்டி தூக்கிறன்."

பெரிய ஆள் கண்டியோ, என்று விக்னராஜா மனதுக்குள் கறுவினார்.

ஞாயிறு காலை சிஞ்ஞோரா, விரிந்த பாவாடை கதவில் இடிக்க இடிக்கக் குசினிக்குள் வந்தாள். விக்னராஜா முந்திக்கொண்டார். "றோபேட் போடுவான், சிஞ்ஞோரா. நான் நல்ல குடும்பம். எங்கள் வீட்டிலேயே வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள்," என்று தனக்குத் தெரிந்த இத்தாலியனில் விளங்கப்படுத்தினார். ஒரு சீமாட்டிக்கு இது விளங்காமல் போகுமா?

அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. இருவரையும் கையில் பிடித்து யன்னலடிக்கு இழுத்தாள். ஒரு முகத்தைப் பார்த்தாள், மற்ற முகத்தைப் பார்த்தாள். றோபேட் பொதுநிறம். விக்னராஜா நல்ல கறுப்பு. ஊரில் ஒருவரும் அதை அவருக்கு முன்னால் சொல்லத் துணிந்ததில்லை.

"நீதான்," என்றாள் விக்னராஜாவிடம். "நீதான் அவனைவிடக் கறுப்பு."

அவ்வளவுதான். பரம்பரை பரம்பரையாகக் கட்டிக் காத்த பெருமைக்கு இங்கே மண்ணாங்கட்டி மதிப்பும் இல்லை. மாட்டேன் என்று சொல்ல அவருக்கும் வாய் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் எங்கே போவது? சட்டையைப் போட்டார். கழுத்து வளையத்தின் கொளுக்கி கைக்கு எட்டவில்லை. றோபேட் வந்து பூட்டிவிட்டான். அவன் சிரிப்பான் என்று விக்னராஜா எதிர்பார்த்தார். சிரித்திருந்தால் நாலு ஏச்சாவது ஏசியிருக்கலாம். அவன் சிரிக்கவில்லை.

மண்டபத்தில், சீமாட்டியின் படத்துக்குக் கீழே அவரைத் தட்டோடு நிறுத்தினார்கள். ஒரு கனவான் தன் போனை றோபேட்டின் கையில் கொடுத்துப் படமெடுக்கச் சொன்னார். சிஞ்ஞோரா விக்னராஜாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தலையைக் குனி," என்றாள்.

அவருக்கு விளங்கியது. விளங்காதவர் மாதிரி நிமிர்ந்தே நின்றார்.

"றோபேட், உங்கள் பாசையில் இவனுக்குச் சொல்லு."

மண்டபம் முழுவதும் றோபேட்டைப் பார்த்தது. விக்னராஜாவும் பார்த்தார். அவன் வாயைத் திறந்து சொல்லவேண்டியதுதான் மிச்சம். சொல்ல அவனுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

"நான் உங்களைக் குனியச் சொல்லமாட்டன் அண்ணை," என்றான் றோபேட் மெல்ல.

அதற்குமேல் விக்னராஜாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கத்தில் தலை தானாகவே குனிந்தது.

"அப்படித்தான்," என்றாள் சிஞ்ஞோரா. "அசையாதே."