ஒரு கிண்ணம் தயிர்

விருந்து ஒரு மணிக்கு. அண்ணன் பதினொன்றுக்கே வீட்டில் பயறும் சோறும் சாப்பிட்டு, மேலே இரண்டு வாழைப்பழமும் தின்று முடித்திருந்தான். தங்கச்சி வாசலில் நின்று முறைத்தாள்.

"பசியில்லாமப் போனாத்தானே கொஞ்சமா எடுத்துக்க முடியும்?" என்றான்.

"கொஞ்சமாவது எடுத்துக்கணும். தட்டைப் பார்த்து முழிச்சுக்கிட்டு உட்கார்ந்தே, அவ்வளவுதான்."

அவள் கட்டிக்கொள்ளப் போகிறவர் பேக்கரி வைத்திருந்தார். பாலும் வெண்ணெயும் முட்டையும்தான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டன. "அதையெல்லாம் தொடமாட்டேன்னு முதல் நாளே சொன்னா, அவங்க தொழிலையே குத்தம் சொல்ற மாதிரி இருக்கும்ணா. வீகன் அது இதுன்னு வாயைத் திறக்காதே. வயிறு சரியில்லைன்னு சொல்லிடு. ஒரே ஒரு நாள்."

அப்பா அம்மா இல்லாத வீடு. பெண் வீட்டார் என்று போய் உட்கார அவன் ஒருவன்தான். சரி என்று தலையாட்டினான்.

பாலையும் முட்டையையும் விட்ட இந்த இரண்டு வருடமாகவே விருந்து என்றால் அவனுக்குப் பயம். ஒரு பிறந்தநாளில் நண்பன் ஒருவன் அவனுக்குத் தெரியாமல் சோற்றில் சீஸைக் கலந்துவிட்டு, விழுங்கிய பிறகு கைதட்டிச் சிரித்தான். வேலையிடத்தில் நடந்த ஒரு பிரிவு உபசார விழாவில், கேக் தீரும் வரை கழிவறைக்குள் நின்றிருந்தான். கூட்டமாக இருந்தால் நழுவிவிடலாம். இன்று நாலே பேர், ஒரே மேசை.

பேக்கரிக்கு மேலேதான் வீடு. படியேறும்போதே வெண்ணெய் வாசனை முகத்தில் அடித்தது. கதவைத் திறந்தவர் மாப்பிள்ளையின் அம்மா. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து போன வருடம்தான் ஓய்வு பெற்றவர். "வாங்க தம்பி" என்றது, மருந்து நேரமாச்சு என்பதுபோல் ஒலித்தது.

மேசையில் வெண்ணெய் மினுங்கும் சோறு, பாலேடு ஊற்றிய காளான், முட்டைக் குழம்பு. நடுவில் மாப்பிள்ளை கையால் செய்த மூன்றடுக்குக் கேக். வெள்ளரித் துண்டுகளை எடுத்துத் தட்டில் பரப்பினான் அண்ணன். ரொட்டியில் பால் சேர்த்திருப்பார்களா? கேட்க முடியாது. எடுத்த ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து ஓரத்தில் ஒதுக்கினான்.

"என்ன தம்பி, கோழி கொறிக்கிற மாதிரி கொறிக்கிறீங்க?"

"வயிறு கொஞ்சம் சரியில்லைங்க."

அந்த அம்மாவின் முகம் மாறியது. கரண்டியைக் கீழே வைத்தார். "எப்பத்திலேருந்து?"

"நேத்து ராத்திரிலேருந்து."

"எத்தனை தடவை போனீங்க?"

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்குப் புரையேறியது.

"மூணு" என்றான் அண்ணன். அடக்கமான எண்ணாகத்தான் பட்டது.

அவர் எழுந்து வந்து அவன் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்தார். பயத்தில் அது தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. "நாடி என்ன இப்படி ஓடுது? கை வேற சில்லுன்னு இருக்கு. டேய், கார் சாவியை எடு. அடுத்த தெரு கிளினிக்கில ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திடலாம்."

"ஐயோ, அவ்வளவெல்லாம் இல்லைங்க!"

"அப்ப இதைச் சாப்பிடுங்க. என் கண் முன்னாடி." ஒரு கிண்ணம் தயிரைக் கொண்டுவந்து வைத்து, பக்கத்திலேயே இடுப்பில் கைவைத்து நின்றார்.

அண்ணன் ஸ்பூனை எடுத்தான். தங்கச்சியைப் பார்க்கத் துணியவில்லை. ஒரு நாள்தானே, அவளுக்காகத்தானே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். அள்ளியதில் தயிர் ஒரு சொட்டு மேசை விரிப்பில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாயருகே கொண்டுபோனான்.

"அண்ணா, வேணாம். வைச்சிடு."

தங்கச்சி எழுந்து நின்றிருந்தாள். "அவருக்கு வயிறெல்லாம் நல்லாத்தான் இருக்குங்க அத்தை. பால், முட்டை, கறி எதுவும் தொடமாட்டார். நான்தான் பொய் சொல்லச் சொன்னேன்."

அந்த அம்மா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "போன் பண்ணிக் கேட்டேனே. உங்க அண்ணனுக்கு எது ஒத்துக்காதுன்னு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேட்டேனே. எல்லாம் சாப்பிடுவார்னு சொன்னியேம்மா."

தங்கச்சி தயிர்க் கிண்ணத்தை எடுத்து அண்ணனிடமிருந்து தள்ளி வைத்தாள்.

"பால், முட்டையெல்லாம் ஏன் விட்டீங்க மச்சான்?" என்றார் மாப்பிள்ளை. இதுவரை அவனை முறை சொல்லி அழைத்ததில்லை.

அண்ணன் எப்போதும் பயப்படும் கேள்வி அது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஒரு பால் பண்ணையில ஆறு வருஷம் கறவை மெஷின் மெக்கானிக்கா இருந்தேன். பிறந்த கன்னுங்களை வண்டியில ஏத்திக்கிட்டுப் போவாங்க. ஒரு நாள் ஒரு தாய் மாடு வேலியை முறிச்சுக்கிட்டு வண்டி பின்னாடியே ஓடிச்சு. ரத்தம் வழிய ஓடிச்சு. திருப்பிக் கூட்டிட்டு வந்து அதுக்கு மெஷினை மாட்டிவிட்டது நான்தான். அதுக்கப்புறம் என்னால பாலைத் தொட முடியல."

மாப்பிள்ளையின் பார்வை நடுவிலிருந்த கேக்குக்குப் போனது.

"நான் வெண்ணெயை விட முடியாது மச்சான். கடையே அதுதான்."

"விடச் சொல்லலீங்க. இதுவரைக்கும் யாரையும் சொன்னதில்லை."

அந்த அம்மா உள்ளே போய் நாலு உருளைக்கிழங்கு வேகவைத்து உப்புத் தூவிக் கொண்டுவந்து வைத்தார். "சாப்பிடுங்க." கேக்கை வெட்டினார்கள். யாருக்கும் அது இறங்கவில்லை.

திரும்பும் பேருந்தில் தங்கச்சி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். "கல்யாணம் நின்னுடுமாண்ணா?" என்றாள்.

நாலு நாள் அந்த அம்மாவிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. "அம்மா எதுவும் சொல்ல மாட்டேங்கறாங்க" என்று மட்டும் மாப்பிள்ளை தங்கச்சிக்குச் செய்தி அனுப்பினார். அண்ணன் இப்போது வேலை பார்த்தது தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கும் கடையில். அந்த நாலு நாளில் ஒரே மோட்டாரை மூன்று முறை தப்பாக மாட்டி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். இரவுச் சாப்பாட்டில் அண்ணனும் தங்கச்சியும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் அந்த அம்மா அவனுடைய போனுக்கே கூப்பிட்டார். "நாளைக்குக் கல்யாணச் சமையல்காரர் வர்றார். நீங்களும் வந்து உட்காருங்க. எது எதுல பால் இருக்கு, எதுல இல்லைன்னு நீங்களே அவர்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க. முந்நூறு பேர் முன்னாடி என்னைத் திண்டாட விடாதீங்க."

அவன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். "கோபம் இல்லையே, அம்மா?"

"இருக்கு. பொய் சொன்னதுக்கு. அது போக நாளாகும். பத்து மணிக்கு வந்துடுங்க."

வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் தங்கச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. அவன் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தச் சமையல்காரரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று கவலைப்பட ஆரம்பித்தான்.